கஃபார் மார்க்கெட் தெரியும்... கஃபார் யார் தெரியுமா?
பள்ளிக்கரணை ஐடி ஊழியருக்கு போன் ரிப்பேர் என்றால் ரிச்சி ஸ்ட்ரீட். டெல்லிக்காரர்களுக்கு கரோல் பாக் கஃபார் மார்க்கெட். பிரிவினையில் வீடிழந்து வந்த இந்து, சீக்கியக் குடும்பங்கள் கடை போட்டுப் பிழைத்த பகுதி அது. அதற்கு ஒரு முஸ்லிம் தலைவரின் பெயர்! கான் அப்துல் கஃபார் கான். நம்மூர் பாடப் புத்தகத்தில் 'எல்லை காந்தி' என்று ஒரு வரியில் கடந்து போனவர்.

1890-ல் பெஷாவர் அருகே உத்மன்சாயில் பிறந்தார். பழிக்குப் பழி என்று வாழ்ந்த பஷ்தூன்களைத் திரட்டி, 1929-ல் 'குதாய் கித்மத்கார்' இயக்கத்தைத் தொடங்கினார். இறைத் தொண்டர்கள் என்று அர்த்தம். செஞ்சட்டை போட்ட இவர்கள், அடித்தாலும் திருப்பி அடிப்பதில்லை என சத்தியம் செய்தவர்கள். அதற்கான தெம்பை அவர் எடுத்தது இஸ்லாத்தில் இருந்துதான். காந்தியைப் பார்த்து வந்தது மட்டும் அல்ல.

உண்மையான சோதனை 1946-47-ல் வந்தது. பீகாரில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அந்த ஆத்திரம் எல்லை மாகாணத்தில் இந்துக்கள், சீக்கியர்கள் மீது திரும்பியது. கஃபார் கான் காந்தியுடன் பீகார் கிராமங்களில் நடந்து, வீடு எரிந்த முஸ்லிம்களைச் சந்தித்தார். அதே நேரத்தில் பெஷாவரில் அவருடைய செஞ்சட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி, இந்து, சீக்கியர்களின் உயிருக்கும் உடைமைக்கும் காவல் நின்றார்கள். எந்த ஊரில் யார் எண்ணிக்கையில் குறைவோ, அவர் அந்தப் பக்கம். சொந்த மண்ணில் இதற்குக் கிடைத்த பட்டம், 'இந்துக்களின் ஆள்'.

முழுசாக ஜெயித்தாரா என்றால், இல்லை. 1947 ஆகஸ்ட்டில் அவருடைய அண்ணன் டாக்டர் கான் சாஹிபின் மாகாண அரசு கலைக்கப்பட்டது (டெல்லி கான் மார்க்கெட் இந்த அண்ணன் பெயரில்தான்). அடுத்த மாதமே பெஷாவரிலும் ரத்தம் சிந்தியது. பெரும்பாலான இந்துக்களும் சீக்கியர்களும் ஊரை விட்டுக் கிளம்பினார்கள். 1948-ல் பாகிஸ்தான் அரசு அவரைச் சிறையில் போட்டது. பிறகு பல வருஷம் சிறை, வீட்டுக்காவல்தான்.

1969-ல் காந்தி நூற்றாண்டுக்காக இந்தியா வந்தார். விருந்தாளி, வயது 79. அப்போதுதான் அகமதாபாத் கலவரம் நடந்து முடிந்திருந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். விழா மேடைக்கு நடுவே மூன்று நாள் உண்ணாவிரதம் இருந்தார். அழைத்தவர்களுக்கு அது சங்கடம்தான். அதோடு விடாமல் குஜராத்துக்கும் போனார்.

1987-ல் பாரத ரத்னா கிடைத்தது. இந்தியக் குடிமகன் அல்லாத ஒருவருக்கு அது முதல் முறை. 1988 ஜனவரி 20-ல் பெஷாவரில் காலமானார்.