களரியைத் தேடி வந்த பேராசிரியர்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கைச் சரிதம் எழுதித் தரும்படி மலர்க்குழு கேட்டபோது, வெருகல் பக்கத்துப் பிள்ளைகளாகிய நாங்கள் கூடிப் பேசினோம். ஈச்சிலம்பற்று, பூநகர், மாவடிச்சேனை என்று ஆளுக்கோர் ஊரிலிருந்து மூதூருக்கு வந்து, அங்கிருந்து லோஞ்ச் ஏறித் திருகோணமலை விடுதிக்குப் போய்ப் படித்தவர்கள் நாங்கள். இன்று ஒருத்தி ரொறொன்ரோவில், ஒருத்தி மட்டக்களப்பில், இரண்டு பேர் ஊரிலேயே. கல்லூரியோடு நேரடித் தொடர்புள்ளவரை எழுத எத்தனையோ பேர் இருப்பார்கள். எங்கள் ஊர்க் கூத்துக்காரருக்குப் படித்தவர்கள் மத்தியில் ஒரு மரியாதையைத் தேடித் தந்த மனிதரைப் பற்றி நாங்கள்தான் எழுத வேண்டும் என்று முடிவாயிற்று. அவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள்.

முதலில் கூத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறோம். வெளிநாட்டில் பிறந்து வளர்ந்த எங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் இம்மலர் போய்ச் சேரும் அல்லவா. மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறுதான் எங்களுக்கும் மட்டக்களப்பு மாவட்டத்துக்கும் எல்லை. எல்லை என்று பெயர்தானே ஒழிய, சித்திர வேலாயுத சுவாமி கோயில் திருவிழா வந்தால் அக்கரைச் சனமெல்லாம் இக்கரையில்தான். பாலம் கட்டு முன்னர் பாதையில் ஏறி ஆற்றைக் கடந்து, சட்டி பானை, பாய், பிள்ளைகுட்டியோடு வந்து தங்குவார்கள். பாட்டும் ஆட்டமும் அந்தப் பாதையிலேயே இரு கரைக்கும் போய் வந்தன.

வேளாண்மை வெட்டி முடிந்த கையோடு ஊரில் கூத்துப் பழகத் தொடங்குவார்கள். அண்ணாவியார் ஒருவரை அழைத்து, யாருக்கு எந்த வேடம் என்று சட்டம் கொடுப்பார்கள். மாதக்கணக்காக இரவு இரவாகப் பழக்கம் நடக்கும். பிறகு சதங்கை அணிவது, அதற்குப் பிறகு அரங்கேற்றம். வட்டமாகக் கட்டிய களரி, நான்கு புறமும் சனம், நடுவில் அண்ணாவியாரின் மத்தளமும் சல்லரியும். இராச்சாப்பாடு முடிந்து தொடங்கினால் விடியும்வரை ஆட்டம். பகலில் வயலில் சேற்றோடு நின்ற மாமாதான் இரவில் கர்ணன். இதை நாங்கள் கலை என்று நினைத்ததில்லை. எங்களுக்கு அது கூத்து, அவ்வளவுதான். திருகோணமலைக்குப் படிக்க வந்த பின்னர், கூத்தாடி என்பது ஒரு ஏச்சுச்சொல் என்பதைத் தெரிந்துகொண்டோம். அதனால் எங்களில் சிலர் எங்கள் தகப்பன்மார் கூத்தாடுவதை விடுதியில் யாருக்கும் சொல்லவில்லை. அதைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

வித்தியானந்தன் அவர்கள் கூத்துக்காரக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். 1924ஆம் ஆண்டு மே மாதம் 8ஆந் திகதி யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வீமன்காமத்தில் பிறந்தார். அக்காலத்தில் இலங்கைக்கு இருந்த ஒரேயொரு பல்கலைக்கழகத்தில் கொழும்பில் தமிழ் படித்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர்கள் இருவர். ஒருவர் காரைதீவில் பிறந்து, எங்கள் திருகோணமலையிலும் கல்விப்பணி செய்து, 1943இல் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகிய சுவாமி விபுலானந்தர். மற்றவர் பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை. சுவாமிகள் சேக்சுப்பியரின் நாடகங்களை ஆராய்ந்து மதங்க சூளாமணி எழுதியவர், யாழ் நூல் தந்தவர். கணபதிப்பிள்ளை அவர்களோ யாழ்ப்பாணத்து வீடுகளில் பேசும் பேச்சையே மேடையில் ஏற்றி நாடகம் எழுதியவர். பண்டைய இசையையும் நாடக நூலையும் துருவிய ஒருவர், தெருப்பேச்சை மதித்த ஒருவர் என்று இருவரிடமும் படித்த மாணவன் பின்னாளில் களரியைத் தேடிப் போனதில் என்ன புதுமை!

இலண்டனில் பத்துப்பாட்டை ஆராய்ந்து 1950இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். தமிழர் சால்பு என்னும் அவரது நூல் 1954இல் வந்தது. பட்டப்படிப்புக்குத் தமிழ் எடுத்த எங்கள் அக்காமார் பலர் அதைப் புரட்டியிருப்பார்கள். சங்ககாலம் என்று சொல்லிக்கொண்டு பேராதனைக் குன்றின்மேல் சுகமாகக் காலத்தைக் கழித்திருக்கலாம். அவர் அப்படி இருக்கவில்லை.

1956 நாட்டுக்குப் பொல்லாத ஆண்டு. சிங்களம் மட்டும் சட்டம் யூனில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் பேராதனைப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் மனமே நாடகம் மேடையேறியது. சிங்கள நாடகமே தன் வேரைக் கண்டுவிட்டது என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அந்த வேர் நாடகம என்னும் சிங்களக் கிராமியக் கூத்து. அதன் மூலமோ தமிழ்க் கூத்து. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வீட்டு விதையை வாங்கிப் போய் விளைவித்துக் காட்டிய மாதிரி. வித்தியானந்தன் அவர்கள் இதைக் கண்டு பொறாமைப்படவில்லை, வழக்குப் பேசவும் இல்லை. சரச்சந்திரவின் வழியைக் கூர்ந்து பார்த்துவிட்டு, எங்கள் விதை இன்னும் முளைத்துக்கொண்டிருக்கும் நிலத்தைத் தேடிப் புறப்பட்டார்.

இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்கு அவர் தலைவரானது இதற்கு வசதியாயிற்று. மட்டக்களப்பு, மன்னார், முல்லைத்தீவு, யாழ்ப்பாணம் என்று கிராமம் கிராமமாகப் போனார். அண்ணாவிமாரைக் கூட்டி மாநாடுகள் நடத்தினார். பாடசாலைகளுக்கிடையே கூத்துப் போட்டி வைத்தார். போட்டி என்றவுடன் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் பழைய அண்ணாவியாரைத் தேடிப் போக வேண்டி வந்தது. எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாத, ஆனால் ஆயிரக்கணக்கான பாட்டை நெஞ்சில் வைத்திருந்த மனிதரைப் பள்ளிக்கூடத்துக்குள் அழைத்துக் கதிரை போட்டு இருத்தினார்கள். எங்களுக்கு அவர் செய்த காரியங்களில் பெரியது இதுதான். நாடகத்தைவிட அந்தக் கதிரை எங்களுக்குப் பெரிது.

1962இல் பேராதனை மாணவர்களைக் கொண்டு கர்ணன் போர் என்னும் வடமோடிக் கூத்தை அவர் தயாரித்தார். ஆட்டம் பழக்க வந்தவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். கர்ணனாக ஆடியவர் மட்டக்களப்பு மாணவர் மௌனகுரு. பின்னாளில் தாமும் பேராசிரியராகிக் கூத்தோடு வாழ்ந்தவர். அந்தப் பழக்கத்தை மனக்கண்ணில் கண்டு பார்க்கிறோம். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் பேசிப் பழகிய பிள்ளைகள், காலில் தாளக்கட்டு வராமல் தடுமாறுகிறார்கள். கிராமத்திலிருந்து வந்தவர் முன்னே நின்று ஆடிக் காட்டுகிறார். அங்கே குரு யார், சீடர் யார்? பேராசிரியரே அங்கு ஒரு மாணவர்தான்.

ஆனால் வேலை இலகுவானதல்ல. விடிய விடிய ஆடும் கூத்தை நகரத்து மண்டபத்துக்காக ஒன்றரை மணித்தியால அளவுக்குச் சுருக்க வேண்டும். திரும்பத் திரும்ப வரும் பாட்டுகளைக் கழிக்க வேண்டும். அதைவிடச் சிக்கல் மேடை. எங்கள் களரியில் நான்கு பக்கமும் சனம். ஆட்டக்காரர் வட்டமாகச் சுற்றி எல்லோருக்கும் முகம் காட்டுவார். நகரத்து மேடைக்கு முகம் ஒன்று. மூன்று பக்கம் அடைத்த பெட்டிக்குள் வட்ட ஆட்டத்தை எப்படி வைப்பது? அவரும் அவரோடு நின்றவர்களும் ஆட்டக்கோலங்களை மாற்றி அமைத்தார்கள், பிற்பாட்டுக்காரரை ஒரு புறம் இருத்தினார்கள், ஒளியமைப்பைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டு நொண்டி நாடகம் வந்தது. 1964இல் இராவணேசன். இது பழைய ஏட்டிலிருந்து எடுத்ததன்று. கூத்தின் ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டு புதிதாகக் கட்டியது. 1968இல் வாலி வதை. கூத்து என்றால் முகத்தைச் சுளித்த கொழும்பு, யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர்கள் இவற்றைப் பார்க்க வந்தார்கள்.

ஊரில் எங்கள் அப்புமார் இதைக் கேள்விப்பட்டு என்ன நினைத்திருப்பார்கள்? எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. படித்த மனிதர் கையில் எடுத்ததால் கூத்து பிழைத்தது என்பது ஒரு கட்சி. ஒன்றரை மணித்தியாலம் ஆடுவது கூத்தா, கூத்தின் படமா என்பது மறு கட்சி. நாங்கள் இரண்டாவது கட்சியின் நியாயத்தையும் தள்ளிவிட மாட்டோம். பெட்டி மேடையில் ஆட்டக்காரரும் பார்ப்பவரும் வேறு வேறு ஆட்கள் ஆகிவிடுகிறார்கள். களரியில் அப்படியில்லை. நித்திரை கொண்ட பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு, ஆடுகிறவன் இன்னார் மகன் என்று சொல்லிச் சொல்லிப் பார்ப்பதும் கூத்தின் பாதிதான். இருந்தாலும் எங்கள் மனம் பேராசிரியர் பக்கமே சாய்கிறது. அவர் களரியை மூடச் சொல்லவில்லை. மேடைக்கு ஒன்று கொண்டு போனார், களரிக்காரருக்கு மரியாதையைத் திருப்பி அனுப்பினார்.

இன்னொரு குறையும் உண்டு, அது பெண்களாகிய எங்களுடையது. ஊர்க்களரியில் பெண் வேடமும் ஆண்தான் கட்டுவான். சேலை எங்களுடையது, ஆட்டம் அவர்களுடையது! பாட்டு முழுவதும் எங்கள் அம்மாமாருக்குப் பாடம். அடுப்படியில் பாடுவார்கள், களரியில் ஏறமாட்டார்கள். இந்தக் கணக்கு ஒரு பேராசிரியரால் ஒரு நாளில் தீர்ந்துவிடக் கூடியதல்ல.

அவர் செய்த இன்னொரு வேலை சத்தமில்லாதது. கூத்து ஏடுகளைத் தேடிப் பதிப்பித்தார். மட்டக்களப்பின் அலங்காரரூபன் நாடகம் 1962இல் வந்தது. பின்னர் மன்னார்ப் பக்கத்திலிருந்து எண்டிறீக்கு எம்பரதோர் நாடகம், மூவிராசர் வாசகப்பா, ஞானசௌந்தரி நாடகம். பின்னைய மூன்றும் கத்தோலிக்க மக்கள் ஆடியவை. சைவச் சூழலில் வளர்ந்த ஒருவர், தமிழ்க் கூத்து என்றால் எல்லோருடையதும்தான் என்று வேத வேறுபாடு பாராமல் இவற்றையும் அச்சேற்றினார். மட்டக்களப்பு, மன்னார் நாட்டுப்பாடல்களும் அவர் முயற்சியால் நூலாகின. எங்கள் வெருகல் பக்கத்து ஏடு ஒன்றும் அந்த வரிசையில் இல்லை. இதன் பெறுமதி எங்களுக்குப் பிந்தித்தான் விளங்கியது. 2004 மார்கழியில் கடல் வந்தது. 2006இல் போர் வந்து, ஊரே எழுந்து வாகரைக்கு ஓடி, அங்கிருந்தும் மட்டக்களப்பு முகாம்களுக்கு ஓடியது. கையில் பிள்ளையைத் தூக்குவதா, பெட்டிக்குள் கிடந்த கூத்துக் கொப்பியைத் தூக்குவதா? திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. எங்களில் ஒருத்தியின் தகப்பனார் தலைமாட்டில் வைத்திருந்த கொப்பியும் அப்படித்தான் போயிற்று. அச்சில் ஏறியவை தப்பின.

மிகுதிக் காலத்தைச் சுருக்கமாகவே சொல்கிறோம், அது எல்லோருக்கும் தெரிந்தது. 1974 சனவரியில் நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை யாழ்ப்பாணத்திலேயே நடத்துவது என்று உறுதியாய் நின்று நடத்தியவர்களுக்குத் தலைவராய் இருந்தார். இறுதி நாளில் உயிர்கள் பலியான துயரத்தையும் அவரே சுமக்க நேர்ந்தது. 1979இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமானபோது முதல் துணைவேந்தரானார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1983க்குப் பின் நாட்டின் நிலை நாம் அறிந்ததே. அந்தக் காலமெல்லாம் இராணுவத்துக்கும் இளைஞர்களுக்கும் நடுவில் ஒரு பல்கலைக்கழகத்தைத் திறந்து வைத்திருந்தார். 1989 சனவரியில் காலமானார். வயது 64.

அவர் தொடங்கியது அவரோடு நிற்கவில்லை. கிழக்கிலே பின் வந்தவர்கள் அவரோடு வழக்கும் பேசினார்கள், அவர் வழியில் நடக்கவும் செய்தார்கள். மட்டக்களப்புச் சீலாமுனையில் 2000களில் சி. ஜெயசங்கர் முதலியோர் ஊரவரோடு சேர்ந்து செய்த கூத்து மீளுருவாக்கம் அவற்றில் ஒன்று. அங்கே கூத்து மேடைக்குப் போகவில்லை, களரியிலேயே நின்றது. ஊராரும் அண்ணாவியாரும் கூடி இருந்து, பழைய பாட்டிலே பெண்ணையும் சாதியையும் தாழ்த்தும் இடங்கள் எவை, அவற்றை எப்படி மாற்றுவது என்று தாங்களே பேசி முடிவெடுத்தார்கள். நாட்டுக்கூத்து என்ற சொல்லையே விட்டுக் கூத்து என்று சொன்னால் போதும் என்பாரும் இப்போது உண்டு. எங்கள் ஊரில் எப்போதும் அப்படித்தான் சொன்னோம்!

சென்ற முறை விடுமுறைக்கு ஊருக்குப் போன எங்களில் இருவர், கோயில் வீதிக்குப் பக்கத்தில் ஒரு மாலைப்பழக்கத்தைப் பார்த்தார்கள். முகாமிலிருந்து திரும்பி வந்த ஒரு முதிய அண்ணாவியார், நினைவில் மிஞ்சியதைப் பாடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சுற்றி நின்றவர்களில் வயல்காரர், கச்சேரி எழுதுவினைஞர் ஒருவர், முன்பள்ளி ஆசிரியை, பொல்லூன்றிய ஒரு தம்பி. பாட்டின் ஓரிடத்தில் அண்ணாவியாருக்கு அடி மறந்து போயிற்று. மத்தளம் நின்றது. பின்னால் பாயில் இருந்த ஒரு கிழவி, அடுப்படியில் பாடிய அந்த அடியை எடுத்துக் கொடுத்தாள். அவளை எழுந்து முன்னே வரச் சொன்னார் அண்ணாவியார். இல்லை என்று தலையாட்டினாள், பிறகு வந்தாள். அந்தப் பாட்டை எங்கள் ஆட்கள் கைத்தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறார்கள். முழுவதையும் எழுதி அச்சேற்ற ஆள் தேவை. இதை வாசிக்கும் பழைய மாணவிகளில் ஊர்ப்பாட்டுத் தெரிந்தவர்கள், அம்மாமாரிடம் கேட்டு எழுதக்கூடியவர்கள், சங்கத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள்.