புழுவையும் பூவையும் வரைந்த மரியா சிபில்லா மெரியான்



முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக்கொண்டால் நாம் என்ன செய்கிறோம்? பந்தம் கொளுத்திச் சுட்டுவிடுகிறோம். கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழுவைக் கண்டால் நசுக்கிப் போடுகிறோம். அந்தப் புழுவைப் பெட்டியில் வைத்து, இலை போட்டு வளர்த்து, ஐம்பது ஆண்டுக்கு மேலாகப் பார்த்துப் பார்த்துப் படம் எழுதிய ஒரு பெண்மணியைப் பற்றி இங்கே சொல்லப்போகிறேன்.

மரியா சிபில்லா மெரியான் 1647ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தகப்பனார் செப்புத் தகட்டில் படம் செதுக்கிப் புத்தகம் அச்சிட்டவர். மகளுக்கு மூன்று வயதாகும்போதே அவர் காலமானார். தாயார் மறுமணம் செய்துகொண்டது யாக்கோப் மாரெல் என்ற பூ ஓவியரை. தம்மிடம் படித்த பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த வித்தையை அவர் இந்தப் பெண்ணுக்கும் மறைக்காமல் சொல்லிக் கொடுத்தார். பெண் பிள்ளைக்கு எதுக்கு இதெல்லாம் என்று அவர் நினைத்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

பதின்மூன்றாவது வயதில் மரியா பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தானாக உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பிய காலம் அது. மரியா நம்பவில்லை, மறுக்கவும் அவசரப்படவில்லை. உட்கார்ந்து பார்த்தார். முட்டை, புழு, கூடு, பட்டாம்பூச்சி என்று ஒவ்வொன்றையும் கண்ணால் கண்டு குறித்துக்கொண்டார்.

1665இல் ஓவியர் கிராப் என்பவரை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள். நூரம்பர்க் நகரில் குடும்பம் நடத்திக்கொண்டே, இளம் பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்பித்தார். 1675 முதல் 1680 வரை அவர் மூன்று பகுதிகளாக வெளியிட்ட பூப்படப் புத்தகம், துணியில் பூ போடும் பெண்களுக்கு மாதிரியாக உதவியது. 1679இல் புழுக்களைப் பற்றிய நூல் வந்தது. அதில் 50 படங்கள். பூச்சியின் எல்லா நிலைகளையும் அது தின்னும் செடியோடு சேர்த்து ஒரே தாளில் காட்டினார். இதுதான் அவர் செய்த புதுமை.

இல்வாழ்க்கை நிலைக்கவில்லை. கணவரைப் பிரிந்து, தாயாரோடும் பிள்ளைகளோடும் ஹாலந்து நாட்டில் ஒரு சமயக் கூட்டத்தாரோடு சில ஆண்டுகள் இருந்தார். தாயார் இறந்தபின் 1691இல் ஆம்ஸ்டர்டாம் வந்தார். அங்கே பணக்காரர் வீடுகளில் கடல் கடந்து வந்த பட்டாம்பூச்சிகளை ஊசியில் குத்தி வைத்திருந்தார்கள். இது எந்தப் புழுவிலிருந்து வந்தது, எந்த இலையைத் தின்றது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. நாமே போய்ப் பார்ப்போம் என்று துணிந்தார். தம் படங்களை விற்றார், உயில் எழுதி வைத்தார். 1699இல், 52ஆம் வயதில், இளைய மகள் டொரோத்தியாவை அழைத்துக்கொண்டு தென் அமெரிக்காவின் சூரினாமுக்குக் கப்பல் ஏறினார்.

சூரினாம் நம் ஊர் போலவே வெயிலும் மழையும் உள்ள பூமி. எங்கே பார்த்தாலும் கரும்புத் தோட்டம். வேலை செய்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள். கரும்பை விட்டு வேறெதையோ தேடி அலைகிறாரே என்று தோட்டத் துரைமார்கள் மரியாவைக் கேலி செய்தார்கள். அவருக்குத் துணை நின்றவர்கள் அடிமைகளும் அந்நாட்டுப் பழங்குடியினரும்தான். காட்டில் வழி வெட்டினார்கள், புழு கொண்டுவந்து கொடுத்தார்கள், செடியின் பயனைச் சொன்னார்கள். நம்ம பக்கம் வேலியோரம் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கிற மயிற்கொன்றையை அவர் அங்கே வரைந்தார். தங்கள் வயிற்றுப் பிள்ளையும் அடிமையாகப் பிறக்க வேண்டாம் என்று அப்பெண்கள் அதன் விதையைத் தின்று கருவைக் கலைத்த துயரத்தையும் எழுதி வைத்தார். ஆனாலும் அவரும் அடிமைகளின் உழைப்பை வாங்கிக்கொண்டவர்தான். உதவியவர்களின் பெயர் அவர் நூலில் இல்லை. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

1863இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. 1873 முதல் அதே தோட்டங்களுக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் போனார்கள். நம் பாட்டன் பூட்டன் சஞ்சிக்கூலியாக இங்கே வந்த கதை உங்களுக்கு ஞாபகம் வருகிறதல்லவா?

காய்ச்சல் வாட்டியதால் 1701இல் மரியா திரும்பினார். 1705இல் சூரினாம் பூச்சிகளைப் பற்றிய பெருநூல் 60 படங்களோடு வெளிவந்தது. அதிலே ஒரு பிழையும் உண்டு. விளக்குப் பூச்சி என்ற ஒன்று இரவில் ஒளி வீசும் என்று எழுதிவிட்டார். உண்மையில் அது ஒளி வீசாது. நம் கோலசிலாங்கூர் ஆற்றோரம், கம்போங் குவாந்தானில் பெரெம்பாங் மரம் முழுக்க மினுக்கும் மின்மினியை அவர் பார்த்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!

1717 ஜனவரி 13இல் ஆம்ஸ்டர்டாமில் இறந்தார். ரஷ்யப் பேரரசர் பீட்டர் அவருடைய ஓவியங்களை வாங்கிக்கொண்டார். பிற்காலத்தில் ஜெர்மனி தன் 500 மார்க் நோட்டில் அவர் முகத்தை அச்சிட்டது. 2002இல் யூரோ வரும்வரை அந்த நோட்டு புழங்கியது.

அவர் இறந்து சரியாக 200 ஆண்டு கழித்து, 1917இல், நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்குச் செம்பனை நட்டார்கள். செம்பனை ஓலையை அரிக்கும் புழுவை அடக்குவதற்கும், முட்டை எப்போது பொரிக்கிறது, புழு எத்தனை நாள் தின்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மரியா செய்த வேலையும் அதுதானே?

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஒரு நாள் ஒரு மாணவி தீப்பெட்டியில் புழு வைத்து வகுப்புக்குக் கொண்டு வந்தாள். சீச்சீ, தூக்கி எறி என்று அதட்டிவிட்டேன். மரியாவின் வாழ்க்கையைப் படித்த பிறகு அந்தப் பிள்ளையின் முகம் அடிக்கடி கண் முன் வருகிறது.

ஆகவே பிள்ளைகளே, கறிவேப்பிலைப் புழுவை ஒரு கண்ணாடிப் புட்டியில் விட்டு, தினமும் புது இலை போடுங்க. மூடியில் ஓட்டை போட மறந்துடாதீங்க. பார்த்ததைத் தேதியோடு எழுதி, படமும் வரைந்து கொண்டு வாங்க. இந்தத் தடவை ஆசிரியர் அதட்டமாட்டார். பெற்றோர்களே, நீங்களும் அதட்டாதீர்கள். இன்று பரிசு பெறும் பிள்ளைகளுக்கும், அடுத்த ஆண்டு பெறப்போகும் பிள்ளைகளுக்கும் என் வாழ்த்துகள்.