மணலில் அமர்ந்து தமிழ் கற்ற சீகன்பால்கு

சென்ற கோடை விடுமுறையில் நம் காலனிச் சிறுமி ஒருத்தி பெற்றோருடன் சொந்த ஊருக்குச் சென்றிருந்தாள். பாட்டியிடம் பழம் கேட்க எண்ணிப் பலம் கேட்டாள். சூழ இருந்த பிள்ளைகள் கொல்லென நகைத்தனர். அதன்பின் விடுமுறை முடியும் வரையில் அவள் தமிழில் வாய் திறக்கவே இல்லை என்று அவள் தாயார் நம்மிடம் கூறி வருந்தினார். இந்தி பேசும் தோழியரோடு வளரும் குழந்தைக்கு ழகரம் எங்ஙனம் வரும், நாக்கு வளைய வேண்டாமா என்பது நம்மிற் பலர் சொல்லும் அமைதி. அவ்வமைதி பொருந்துமா என்று எண்ணியபோது நம் நினைவில் எழுந்தவர், 24 வயது நிறையும் தறுவாயில் தமிழ்மண்ணில் வந்திறங்கி, அதன் பிறகே தமிழ் எழுத்தைக் கற்கத் தொடங்கிய ஜெர்மானியர் ஒருவர்.

பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 10ஆம் நாள் சாக்சனி நாட்டுப் புல்ஸ்நிட்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்தார். உடல்நலமும் உறுதியாய் இருந்ததில்லை. கோர்லிட்ஸ் நகரிலும் பின்னர் ஹால்லே நகரிலும் பயின்றார். டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக், தம் ஆட்சிக்குட்பட்ட தரங்கம்பாடிக்குச் சமயத் தொண்டர்களை அனுப்ப விழைந்தபோது, இவரும் ஹென்ரிக் புளூட்சோ என்பாரும் தேர்ந்தெடுக்கப்பெற்றனர். தஞ்சை மன்னர் இரகுநாத நாயக்கரிடமிருந்து 1620இல் டேனியர் பெற்ற கடற்கரை ஊர் அது. 1705 நவம்பரில் புறப்பட்ட கப்பல் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தது. கோட்டைத் தலைவர் இவர்களை விரும்பி வரவேற்கவில்லை. அக்கதை நீளமானது, நாம் மொழிப் பக்கம் திரும்புவோம்.

கரையேறியவரின் செவியில் விழுந்தவை எத்தகைய ஒலிகள்? ஜெர்மன் மொழியில் லகரம் ஒன்றே. நமக்கோ ல, ள, ழ என மூன்று. லகரத்துக்கு நாநுனி மேற்பல்லின் அடியைப் பொருந்தினால் போதும். ளகரத்துக்கு நாநுனி மேனோக்கி மடிந்து அண்ணத்தைத் தொட வேண்டும். ழகரத்துக்கு மடியவும் வேண்டும், தொடவும் கூடாது. ஜெர்மானியரின் தகரமோ பல்லிலும் பிறவாது, அண்ணத்தின் உச்சியிலும் பிறவாது. இரண்டிற்கும் இடையே பிறக்கும். ஆதலின் பத்தும் பட்டும் அவர் செவிக்கு ஒன்றேபோல் ஒலிக்கும். மனமும் மணமும் அத்தகையனவே. அம்மொழியில் மெய்யெழுத்தை இரட்டித்து எழுதுவர். ஆயினும் இரட்டித்து ஒலிப்பதில்லை. பலியும் பல்லியும் குழம்ப அதுவே போதும். இறைவனை அடையும் வழியைக் கூற வந்தவர் வலியைக் கூறிவிட்டால் கேட்போர் என்ன எண்ணுவர்?

ஒன்று மட்டும் அவருக்குத் துணைநின்றிருக்கும் என எண்ணத் தோன்றுகிறது. கோர்லிட்ஸ் நகரைச் சூழ்ந்த மேல் லௌசிட்ஸ் வட்டாரத்து நாட்டுப்புறப் பேச்சில், நாவை உள்மடித்து ஒலிக்கும் ரகரம் ஒன்று உண்டு. ஏனைய ஜெர்மானியர் அதைக் கேட்டு நகைப்பதும் உண்டு. நம் ழகரத்திற்கு அது நெருங்கிய உறவு. மேலும் சாக்சனியர் பேச்சில் வல்லொலியும் மெல்லொலியும் கலந்துவிடும். கல், பங்கு, அகல் என்னும் மூன்றிலும் ஒரே ககர எழுத்து மூன்று வகையாக ஒலிப்பதைக் கண்டு பிறநாட்டார் மலைப்பர். சாக்சனியர் அவ்வளவு மலைத்திரார்.

எழுத்தைப் பார்த்து ஒலியை அறியலாமே என்றால், அக்காலத்து ஓலைச்சுவடி அதற்கு இடந்தருவதில்லை. ஓலை கிழியும் என்று புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வடிவில் வேறுபாடில்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றே போலிருக்கும். இக்குழப்பத்தைக் களைய இரட்டைக் கொம்பு முதலியவற்றைப் பின்னாளில் வகுத்தவர் வீரமாமுனிவர் என்பர். சொல்லை முன்னரே செவியாற் கேட்டவனே ஓலையைப் பிழையறப் படிக்க இயலும்.

சீகன்பால்கு செய்தது இதுதான். தரங்கம்பாடியிற் பள்ளி நடத்திய 70 வயது முதியவர் ஒருவரைக் கண்டு, அவர் தம் மாணாக்கரோடு தம் இல்லத்திலேயே வந்து பள்ளி நடத்துமாறு வேண்டினார். ஆசிரியருக்கு வேற்றுமொழி எதுவும் தெரியாது. மாணாக்கருக்கும் தெரியாது. டென்மார்க்கு அரசரின் ஆணை பெற்று வந்த குரு, அச்சிறுவரிடையே தரையில் அமர்ந்து விரலால் மணலில் எழுத்துக்களை வரையலானார். திண்ணைப் பள்ளிகளில் விரலும் வாயும் ஒருங்கே இயங்கும் என்பதை நம் முதியோர் அறிவர். எழுத்தின் பெயரை உரக்கக் கூவாமல் எவரும் அதை எழுதுவதில்லை. நாள்தோறும் குழந்தைகள் கூவக் கேட்டு, அவர்களோடு தாமும் கூவினால் வாராத ஒலி யாது? வளர்ந்த ஆடவர் ஒருவர் அரிச்சுவடி ஓதுவதைக் கண்டு அப்பிள்ளைகளும் நகைத்தே இருப்பர். அவர் எழுந்து போய்விடவில்லை.

பொருள் விளக்கமும் வேண்டியிருந்தமையின், டேனிஷ் வாணிகக் குழுவில் முன்னர் மொழிபெயர்ப்பாளராயிருந்த அழகப்பனைத் துணையாக அமர்த்தினார். அழகப்பன் போர்த்துக்கீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் ஆகியவற்றை அறிந்தவர். ஐரோப்பியர் ஏடுகளில் அவர் பெயர் அலெப்பா என்று காணப்படுகிறது. ழகரம் அங்கே பட்ட பாடு இது! ஈடாக நம்மவரும் ஒன்று செய்தனர். சீகன்பால்கு என்னும் பெயர் ஜெர்மன் மொழியில் டகரமும் சகரமும் ஒட்டிய ஓர் ஒலியில் தொடங்குவது. தமிழ்ச்சொல் அவ்வாறு தொடங்காது. ஆகவே நாம் அவரைச் சகரத்திலேயே தொடங்கி வைத்தோம்.

எட்டே திங்களில் அவர் தமிழில் உரையாடத் தொடங்கினார். 1708 அளவில் அவரது நாள் கழிந்த வகை நமக்குத் தெரிகிறது. காலை ஏழு மணி முதல் எட்டு வரை சொற்களையும் தொடர்களையும் திரும்பக் கூறுதல். எட்டு முதல் நண்பகல் வரை, முதிய புலவர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் உடனிருக்கத் தமிழ் நூல்களைப் படித்தல். பிற்பகல் மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் படிப்பு. இரவு ஏழு மணிக்குமேல் கண்ணுக்கு ஓய்வளிக்கும் பொருட்டுப் பிறர் படிக்கத் தாம் கேட்டல். ஒரு நூலையே நூறுமுறை படித்து, அதில் தாம் அறியாத சொல்லும் தம் நாவிற் படியாத தொடரும் இல்லையென்று ஆன பின்னரே அடுத்த நூலை எடுத்தார். தாம் தொகுத்த தமிழ் நூல்களுக்கு அவ்வாண்டிலேயே ஒரு விரிந்த பட்டியல் வகுத்தார். பேச்சு வழக்குச் சொற்களுக்கு ஓர் அகராதி, செய்யுட் சொற்களுக்கு மற்றோர் அகராதி எனத் தொகுத்தும் வந்தார். அவ்வாண்டு இறுதியில் கோட்டைத் தலைவரோடு பிணக்கு முற்றி, ஏறக்குறைய நான்கு திங்கள் சிறையிருக்கவும் நேர்ந்தது.

1713இல் ஹால்லேயிலிருந்து தமிழ் அச்செழுத்துக்கள் வந்து சேர்ந்தன. தமிழ் ஒலியையே கேட்டறியாத கைவினைஞர், கையெழுத்து மாதிரியைக் கொண்டு வார்த்தவை அவை. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடியில் அச்சாகி முற்றுப்பெற்றது. அதற்குள் அவர் 1714 அக்டோபரில் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியிருந்தார். மலையப்பன் என்னும் தமிழ் இளைஞரையும் உடன் அழைத்துச் சென்றார். கடலிலும் மொழிப்பணி ஓயவில்லை. ஐரோப்பியர் தமிழ் கற்பதற்கென இலத்தீனில் அவர் எழுதிய இலக்கண நூல் 1716இல் ஹால்லேயில் அச்சாயிற்று. அந்நூலின் பெயரிலேயே நம் மொழி டமூலிகா என்று நிற்கிறது. உரோமானிய நெடுங்கணக்கில் ழகரத்துக்கு எழுத்தில்லை. அவர் நா அறிந்ததை அவர் எழுத்து காட்ட வழியில்லை.

இப்பயணத்தில் நாம் பெரிதும் மகிழும் நிகழ்ச்சி லண்டனில் நிகழ்ந்தது. அவர்தம் அச்சகத்துக்கு உதவிய கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தார் அவரை இலத்தீன் உரையால் வரவேற்றனர். அவரும் இலத்தீனில் மறுமொழி கூறியிருக்கலாம்; அம்மொழியில் அவர் வல்லவர். ஆனால் அவர் எழுந்து தமிழில் விடை பகர்ந்தார். இலத்தீன் மொழிபெயர்ப்பைப் பின்னர் அளித்தார். ஏறத்தாழ முந்நூற்றுப் பத்து ஆண்டுகளுக்கு முன், ஆங்கிலப் பெருமக்கள் அவையில் ஒரு சாக்சனியர் நாவில் தமிழ் முழங்கியது. அவையோர் ஒரு சொல்லும் அறிந்திரார். அதனால் அவர் கூசவில்லை.

மரியா டோரதியா சால்ஸ்மன் என்னும் அம்மையாரை மணந்து 1716இல் அவர் மீண்டார். 1718இல் தரங்கம்பாடியில் புதிய எருசலேம் ஆலயம் எழுந்தது. மறு ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், 36 வயதிலேயே அவர் மறைந்து அவ்வாலயத்திலேயே அடக்கம் செய்யப்பெற்றார். தரங்கம்பாடி செல்வோர் அக்கல்லறையை இன்றும் காணலாம்.

நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் இவ்வாண்டு முதல் பலகைக்கு முன்பாக மணல் தட்டுக்கள் வைக்க எண்ணியுள்ளோம். குழந்தைகள் விரலால் எழுதியவாறே உரக்கச் சொல்ல வேண்டும். ழகரம் வாராத பெற்றோர் நம்மிலும் சிலர் உளர். அவர்களும் பிள்ளைகளோடு அமரலாம். தட்டுக்கள் பத்துக் கிடைத்துவிட்டன. நல்ல மெல்லிய மணல் கொணர்ந்து தர இயலும் அன்பர்கள் செயலாளரிடம் தெரிவிக்க வேண்டுகிறோம். பழம் கேட்ட சிறுமியின் தாயார் மகளை முதல் வகுப்பிலேயே சேர்த்திருக்கிறார்.