ஹம்பிரி டேவி

சர் ஹம்பிரி டேவி (டிசம்பர் 17, 1778 - மே 29, 1829) இங்கிலாந்தைச் சேர்ந்த வேதியியலாளர் ஆவார். மின்பகுப்பு முறையில் பொட்டாசியம், சோடியம் ஆகிய தனிமங்களை 1807இல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர். நிலக்கரிச் சுரங்கங்களில் எரிவளி வெடிப்பதைத் தடுக்க 1815இல் இவர் உருவாக்கிய காப்பு விளக்கு, டேவி விளக்கு என அழைக்கப்படுகிறது.

வாழ்க்கை

கோர்ன்வாலிலுள்ள பென்சான்சு என்னும் ஊரில் மரச்சிற்பி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தை இறந்த பின் 1795இல் ஒரு மருத்துவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். 1798இல் பிரிஸ்டல் நகரில், வளிமங்களின் மருத்துவப் பயனை ஆராய்ந்த நிறுவனமொன்றில் பணியேற்றார். அங்கு வளிமங்களைத் தாமே சுவாசித்துச் சோதித்தார். கார்பன் மோனாக்சைடு கலந்த வளிமத்தைச் சுவாசித்தபோது உயிருக்கு ஆபத்தான நிலைக்குச் சென்று மீண்டார். 1801இல் இலண்டன் ராயல் இன்ஸ்டிடியூசனில் சேர்ந்தார். 1813இல் மைக்கேல் பரடேயை உதவியாளராக அமர்த்திக்கொண்டார். 1820 முதல் 1827 வரை அரச கழகத்தின் தலைவராக இருந்தார். ஜெனீவாவில் காலமானார்.

காப்பு விளக்கு

நிலக்கரிப் படிவுகளிலிருந்து கசியும் எரிவளியின் முதன்மைக் கூறு மீத்தேன் ஆகும். காற்றில் இது ஏறத்தாழ 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தால் தீப்பொறி பட்டவுடன் வெடிக்கும். மே 25, 1812 அன்று வட இங்கிலாந்தின் பெல்லிங் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 92 பேர் இறந்தனர். இத்தகைய விபத்துகளைத் தடுக்க வழிகாணுமாறு 1815இல் டேவியிடம் வேண்டப்பட்டது.

சுடர் மிகக் குறுகிய துளைகளின் வழியே பரவுவதில்லை என்பதை டேவி சோதனைகள் மூலம் கண்டறிந்தார். இதன்படி எண்ணெய் விளக்கின் சுடரை நுண்ணிய கம்பி வலையால் சூழ்ந்தார். வலையின் உலோகம் வெப்பத்தை ஈர்த்துப் பரப்பிவிடுவதால் வெளியிலுள்ள வளிமம் தீப்பற்றும் வெப்பநிலையை அடைவதில்லை. எரிவளி இருக்குமிடத்தில் சுடரின் தோற்றம் மாறுவதால் இவ்விளக்கு அபாயத்தை அறிவிக்கும் கருவியாகவும் பயன்பட்டது. சனவரி 1816இல் எபர்ன் சுரங்கத்தில் இது வெற்றிகரமாகச் சோதிக்கப்பட்டது.

டேவி இதற்குக் காப்புரிமை பெறவில்லை. வில்லியம் கிளானி, ஜார்ஜ் ஸ்டீவன்சன் ஆகியோரும் இதே காலத்தில் காப்பு விளக்குகளை அமைத்திருந்தனர். முதலில் கண்டறிந்தவர் யார் என்பது குறித்து டேவி, ஸ்டீவன்சன் ஆதரவாளர்களிடையே கடும் சர்ச்சை எழுந்தது.

குறைகளும் தாக்கமும்

வலை கிழிந்தாலோ, காற்றோட்டம் வேகமாக இருந்தாலோ சுடர் வெளியேறக்கூடும். மேலும், விளக்கை நம்பி எரிவளி மிகுந்த பகுதிகளிலும் நிலக்கரி வெட்டப்பட்டதால் விபத்துகள் தொடர்ந்தன. நல்ல காற்றோட்டமின்றி விளக்கு மட்டும் போதாது என்பது இதனால் உணரப்பட்டது. இந்தியாவில், 1958இல் மேற்கு வங்காளத்தின் சின்னாகுரி சுரங்க வெடிப்பில் 170க்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

டேவி கண்ட தத்துவம் இன்றும் பயன்பாட்டில் உள்ளது. எரிபொருள் தொட்டிகளின் காற்றுப்போக்கிக் குழாய்களிலும் சாண எரிவாயுக் குழாய்களிலும் சுடர் பின்னோக்கிப் பரவாமலிருக்கப் பொருத்தப்படும் சுடர்த்தடுப்பிகள் இதன் அடிப்படையிலேயே இயங்குகின்றன.