சின்ன மருது

சின்ன மருது (1753 - அக்டோபர் 24, 1801) சிவகங்கைச் சீமையின் பிரதானியாக விளங்கியவர். 1801 ஆம் ஆண்டு தென்னாட்டுப் போரைத் தலைமையேற்று நடத்தியவர். இவரும் இவருடைய தமையனார் பெரிய மருதுவும் சேர்த்து மருது பாண்டியர் என அழைக்கப்படுகின்றனர்.

இளமை

வீரசோழன், திருச்சுழி முதலிய ஊர்கள் அடங்கிய வறண்ட நிலப்பகுதியில், நரிக்குடிக்கு அருகிலுள்ள முக்குளத்தில் மொக்கப் பழனியப்பன், பொன்னாத்தாள் இணையருக்குப் பிறந்தார். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரின் பணியில் சகோதரர்கள் இருவரும் சேர்ந்தனர். 1772 இல் நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் காளையார்கோவிலில் மன்னரைக் கொன்றபின், அரசி வேலு நாச்சியாருடன் விருப்பாட்சிக்குச் சென்றனர். ஐதர் அலியின் உதவியுடன் 1780 இல் சீமை மீட்கப்பட்டது. அதன்பின் நிர்வாகம் சின்ன மருதுவின் கையிலும் படை பெரிய மருதுவின் கையிலும் இருந்தன. சிறுவயல் சின்ன மருதுவின் இருப்பிடமாயிற்று.

போரின் தொடக்கம்

1801 மே 24 இல் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை கம்பெனியிடம் வீழ்ந்தது. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை தப்பிச் சிவகங்கைச் சீமைக்கு வந்தார். அவருக்குச் சின்ன மருது சிறுவயலில் அடைக்கலம் அளித்தார். இதுவே போருக்கு உடனடிக் காரணமாயிற்று. எனினும் திண்டுக்கல் கோபால நாயக்கர் முதலியோருடன் இவர் முன்பே கூட்டணி கண்டிருந்தமையால், அடைக்கலம் மட்டுமே காரணம் எனக் கொள்வது பொருந்தாது.

சூன் மாதத்தில் கர்னல் அக்னியூ தலைமையிலான கம்பெனிப் படை திருப்புவனம், மானாமதுரை, பார்த்திபனூர், பரமக்குடி வழியாக இராமநாதபுரம் நோக்கி நகர்ந்தது. மருதுவின் வீரர்கள் வழிநெடுகிலும் தாக்கினர். முதுகுளத்தூர்ப் பகுதியில் 1799 இல் கிளர்ச்சி செய்த மயிலப்பனும் இவர்களுடன் இணைந்தார்.

சூன் 16 இல் சின்ன மருதுவின் அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. இது ஜம்புத் தீவுப் பிரகடனம் எனப்படும். ஐரோப்பியருக்கு இடங்கொடுத்து நாட்டை இழந்தவர் எனத் தம் பழைய மேலாளரான ஆர்க்காட்டு நவாபையே அது சாடியது. நால்வருணத்தாரும் முசுலிம்களும் ஆயுதம் ஏந்த வேண்டும் என்றும், கம்பெனியின் சிப்பாய்களும் சுபேதார்களும் அணிமாற வேண்டும் என்றும் கோரியது. பாளையக்காரர் பூசலாகத் தொடங்கியதை அந்நியருக்கு எதிரான பொதுப்போராக மாற்ற முயன்றமையே அதன் சிறப்பு. அடுத்த மாதமே, சூலை 31 இல், கர்நாடகத்தின் ஆட்சி உடன்படிக்கை மூலம் கம்பெனியிடம் சென்றது.

வீழ்ச்சி

சூலை இறுதியில் கம்பெனிப் படை சிறுவயலை நெருங்கியபோது, அவ்வூர் எதிரிக்குப் பயன்படாதவாறு ஊராராலேயே தீக்கிரையாக்கப்பட்டது. அங்கிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழியமைக்க ஏறத்தாழ ஒரு மாதம் முயன்ற கம்பெனியார், செப்டம்பர் தொடக்கத்தில் அம்முயற்சியைக் கைவிட்டனர். ஆயுதத்தால் எளிதில் முடியாததை அரசியலால் முடித்தனர். படமாத்தூர் கௌரி வல்லபரைச் சோழபுரத்தில் சிவகங்கையின் சமீன்தாராக அறிவித்ததும் சீமை மக்கள் இரண்டுபட்டனர். அக்டோபர் 1 இல் காளையார்கோவில் வீழ்ந்தது.

பிடிபட்ட சகோதரர்கள் அக்டோபர் 24 இல் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி உள்ளிட்டோர் 1802 இல் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தப்பட்டனர்.