ஜேம்ஸ் பிரின்ஸெப்: பழங்காசுகளைப் படித்தவர்

நம் மாணவர்களுள் பழங்காசு சேர்ப்பார் சிலர் உளர். ஒரே வகையில் இரண்டு கிடைத்தால் ஒன்றைத் தோழர்க்குக் கொடுத்து அவரிடமிருந்து வேறொன்றைப் பெறுதலும், தேய்ந்த எழுத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்து உற்று நோக்குதலும் அவர்தம் வழக்கம். செல்லாக் காசுக்கு இத்துணைப் பாடா என்று அவரை நகைப்பாரும் உளர். அந்நகைப்புக்கு விடையாக ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்லலாமெனத் துணிந்தேன். அவர் கல்கத்தாவில் தங்கசாலை உத்தியோகத்திலிருந்த ஜேம்ஸ் பிரின்ஸெப் துரையவர்கள். அசோக சக்கரவர்த்தியின் சாசனங்களை முதன்முதல் படித்தவர் இவரென்பது பலரும் அறிந்ததே. அப்படிப்புக்கு அவரைக் கொண்டு சேர்த்த வழி காசுகளின் வழி என்பதைப் பலர் அறியார்.

பிரின்ஸெப் 1799-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 20-ஆம் நாள் இங்கிலாந்திற் பிறந்தார். தந்தையார் ஜான் பிரின்ஸெப் 1771-ல் ஏறக்குறைய வெறுங்கையராய் இந்தியாவிற்கு வந்து, அவுரி வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டியவர். கும்பெனியாருக்காக வங்காளத்திலே செப்புக் காசுகளும் அடித்துக் கொடுத்தவர். அவருக்குப் பிறந்த மக்கள் பலருள் ஜேம்ஸ் ஏழாவது புதல்வர். சித்திரம் வரைதலிலும் நுண்ணிய கருவிகளைச் செய்தலிலும் இளமையிலேயே கைத்திறன் மிக்கவராயிருந்தமையின், கட்டடக் கலை பயிலுமாறு அனுப்பப்பெற்றார். கண்ணோய் வந்து அப்படிப்பைத் தடுத்தது. பின்னர் இரசாயனம் கற்று, இலண்டன் தங்கசாலையில் பொன் வெள்ளிகளின் மாற்றறியும் தொழிலைப் பழகினார். கண் கெட்டதென்று ஒரு தொழிலை விட்டவர், பின்னாளில் எவர் கண்ணுக்கும் புலனாகாத எழுத்துக்களைக் காசுகளிற் கண்டது வியப்பேயன்றோ!

1819-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் தமது இருபதாம் வயதில் கல்கத்தாவிற் கரையிறங்கினார். அங்குத் தங்கசாலையின் மாற்றுப் பரிசோதகராயிருந்தவர் வடமொழி வல்ல ஹோரேஸ் ஹேமன் வில்ஸன். அவர்கீழ்ச் சில காலம் இருந்தபின் பிரின்ஸெப் காசித் தங்கசாலைக்கு அனுப்பப்பெற்று, 1830-ல் அது மூடப்படுமளவும் அங்கேயே பணியாற்றினார். அப்பத்தாண்டுகளில் அவர் செய்தவற்றை முற்றக் கூறின் இக்கட்டுரை இடங்கொள்ளாது. நகரின் தேங்குநீர் கங்கையில் வடியுமாறு நிலத்தடியிற் சுரங்கக் கால்வாய் அமைத்தார். கர்மநாசை ஆற்றிற்குக் கற்பாலம் கட்டினார். ஒளரங்கசீப் மசூதியின் சாய்ந்த ஸ்தூபிகளைப் பிரித்து மீண்டும் எடுப்பித்தார். காசிக் காட்சிகளைத் தம் கையாலேயே எழுதிப் படப்புத்தகமாக வெளியிட்டார். உலையின் கொடுவெப்பத்தை அளக்கும் முறையைப் பற்றி அவரெழுதிய ஆராய்ச்சிக்காக 1828-ல் இலண்டன் ராயல் சங்கத்தார் அவரைத் தம் அங்கத்தினராக ஏற்றனர். ஒரு கிரெயினை ஆயிரங் கூறிட்டு அவற்றுள் மூன்று கூற்றையும் காட்டவல்ல துலாக்கோல் ஒன்றையும் அவர் செய்திருந்தார்.

இனி அவருடைய தொழிலின் தன்மையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அதனை அறியாக்கால் பின் வருவது விளங்காது. அந்நாளில் இந்தியாவில் வழங்கிய ரூபாய்கள் ஒருதன்மைய அல்ல. வங்காளத்து ஸிக்கா ரூபாய் ஒரு நிறை, பரக்காபாத் ரூபாய் ஒரு நிறை, சென்னை ரூபாய் வேறொரு நிறை. ஓரிடத்துக் காசை வேறோரிடத்திற் செலுத்துவோர் ஷராப்புகளுக்கு வட்டம் கொடுத்தே மாற்ற வேண்டியிருந்தது. தங்கசாலைக்கு வந்த வெள்ளியை ஈயத்துடன் கூட்டிப் புடமிட்டு, எஞ்சிய தூய வெள்ளியை நிறுத்து, மாற்று இன்னதெனச் சொல்லுதல் பரிசோதகர் கடமை. அதன்பின் பழைய ரூபாய் உருக்கப்பெற்றுப் புதிய ரூபாயாகும். நாடெங்கும் ஒரே ரூபாய் வழங்க வேண்டுமென்று வாதித்தவர்களுள் பிரின்ஸெப் முதன்மையானவர். 1835-ல் அதற்கு விதி பிறந்தது. 180 கிரெயின் நிறையும், அதில் 165 கிரெயின் தூய வெள்ளியும் உடையதாய், நான்காம் வில்லியம் அரசரின் தலையுருத் தாங்கிய கும்பெனி ரூபாய் வெளிவந்தது.

ஆகவே, காசை உருக்குதலே இவருடைய சீவனம். உருக்காமற் காத்தலே இவருடைய வேட்கை. இதனை முரணென்பர் சிலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. உலைக்களத்தில் நின்று நாள்தோறும் முத்திரைகள் உருகி மறைவதைப் பார்த்தவர்க்கே அம்மறைவின் நட்டம் நன்கு தெரிந்திருக்கும். மேலும், நிறையும் மாற்றும் அறிந்த கையினர் காசைப் பார்க்கும் பார்வை வேறு. அழகு பார்த்து வாங்குவோர் பார்வை வேறு.

காசு சேர்த்தலில் இவர் முதல்வர் அல்லர். இராஜபுத்திரர் சரித்திரம் எழுதிய டாட் துரை, மதுரா முதலிய பழம்பதிகளில் மழைக்காலந்தோறும் ஓர் ஆளை நியமித்து, வெள்ளம் பழஞ்சுவர்களை அரித்து வெளிப்படுத்திய காசுகளைப் பொறுக்குவித்தார். பன்னிரண்டாண்டுகளில் ஏறக்குறைய 20,000 காசுகள் சேர்ந்தன. அவற்றுள் குறிக்கத் தக்கன நூறு இருப்பதே அரிதென அவரே கருதினார். வடமேற்கே இரஞ்சித் சிங்கு மகாராஜாவின் படைத்தலைவராயிருந்த இத்தாலியர் வெஞ்சுரா 1830-ல் மாணிக்யாலாத் தூபியைத் தோண்டிக் காசுகளையும் பேழைகளையும் எடுத்தார். பிரெஞ்சுக்காரராகிய கோர்ட்டும் அவ்வாறே செய்தார். எல்லாரினும் வியக்கத்தக்கவர் சார்லஸ் மாஸன் என்பார். கும்பெனிப் பீரங்கிப் படையிலிருந்து 1827-ல் ஓடிப்போய், பெயரை மாற்றிக்கொண்டு, ஆப்கானிஸ்தானத்திலே கால்நடையாய்த் திரிந்தவர் அவர். காபூலுக்கு வடக்கே பெக்ராம் என்னும் வெளியில் உழவரும் ஆயரும் கண்டெடுக்கும் காசுகள் ஆண்டுக்கு முப்பதினாயிரத்துக்குக் குறையாவென்றும், அவை காபூல் தங்கசாலையிலும் கன்னார் பட்டறைகளிலும் உருகிப் போகின்றனவென்றும் அறிந்து, 1833 முதலாக அவற்றை அவ்விடத்திலேயே விலைக்கு வாங்கத் தொடங்கினார். எந்தக் காசு எங்கே, எத்தனை கிடைத்தது என்பதையும் எழுதி வைத்தார். காசு சேர்க்கும் மாணவர் இதனை ஒரு வார்த்தையாகக் கொள்வாராக. கிடைத்த இடம் மறந்து போன காசு பாதி ஊமையாம்.

பிரின்ஸெப் 1830-ல் கல்கத்தாவிற்கு மீண்டார். 1832-ல் வில்ஸன் ஆக்ஸ்போர்டு வடமொழிப் பேராசிரியராகத் தேர்ந்தெடுக்கப்பெறவே, மாற்றுப் பரிசோதகர் பதவியும் ஆசியச் சங்கத்துக் காரியதரிசிப் பதவியும் இவரிடம் வந்தன. அவ்வாண்டு தொடங்கிய சங்கப் பத்திரிகைக்கும் இவரே ஆசிரியர். இப்பத்திரிகைதான் இவருடைய உண்மையான சேமிப்பறை என்று சொல்லுவேன். மாஸன், கோர்ட், டாக்டர் ஸ்வைனி முதலியோர் எழுதியவையும் அனுப்பியவையும் அதில் வெளிவந்தன. எவர் அனுப்பிய காசாயினும் அதன் உருவைப் பிரின்ஸெப் தம் கையாலேயே வரைந்து, அனுப்பினவர் பெயரையும் குறித்துப் பிரசுரித்தார். ஒருவர் பேழையிற் பூட்டியிருந்த காசு இவ்வாறு நூறு பேர் கண்முன் வந்தது. எங்கோ ஒரு பாளையத்தில் தனித்திருந்த உத்தியோகஸ்தர், தம்மிடமுள்ள தேய்ந்த துண்டினை அப்படத்தோடு ஒப்பிட்டு நோக்கி, அதனை உடனே கல்கத்தாவிற்கு அனுப்பினர். காசுகள் மேன்மேலும் பெருகின.

அவற்றுள் சில இருமொழிக் காசுகள். ஒருபுறம் கிரேக்க எழுத்து; மறுபுறம் எவரும் அறியாத எழுத்து. அவ்வெழுத்தை இன்று கரோஷ்டி என்கிறோம். பாக்டிரியா நாட்டிலிருந்து வந்து ஆண்ட யவன அரசர்களின் காசுகள் அவை. மெனாண்டர், அப்பொலோடோட்டஸ், ஹெர்மையஸ் என்னும் பெயர்களும், அரசன், காப்பவன் என்னும் பட்டங்களும் கிரேக்கத்திலிருக்க, அவற்றிற்கு நேரே மறுபுறத்திலும் ஒரே எழுத்துத் தொடர்கள் வருவதை மாஸன் கவனித்து எழுதினார். பிரின்ஸெப் அதனைப் பற்றிக்கொண்டு 1835-ல் எழுத்துக்களுக்கு ஒலி கற்பிக்கத் தொடங்கினார். அவர் பிழைபடாமலும் இல்லை. ஒவ்வொரு பெயரின் இறுதியிலும் வந்த எழுத்தை ஓகாரமெனக் கொண்டு, மொழியைப் பாரசீக இனத்ததெனக் கருதி, மூன்றாண்டுகள் வழி தவறி நின்றார். அது ஸகரமென்றும், மொழி பிராகிருதமென்றும் 1838-ல் தெளிந்தவுடன், முன் எழுதியதைத் தாமே மறுத்து, அரசற்குரிய பட்டத்தை மஹாராஜஸ எனத் திருத்தி வெளியிட்டார். அச்சான பிழையைத் தாமே முன்வந்து திருத்துவார் எந்நாளிலும் அரியர்.

இதற்கிடையில் மற்றோர் எழுத்தும் அவரை வருத்திக் கொண்டிருந்தது. டில்லியிலும் அலகாபாத்திலும் நின்ற பெருந்தூண்களில் ஒரேவகை எழுத்து வெட்டப்பட்டிருந்தது. பண்டிதர் எவராலும் அதனைப் படிக்கக் கூடவில்லை. அதுவே பிராமி. 1836-ல் லாஸன் என்னும் அறிஞர் அகதோக்ளிஸ் அரசனுடைய காசொன்றைக் கொண்டு அவ்வெழுத்துக்களிற் சிலவற்றை அறிந்தார். அங்கும் காசே திறவுகோலாயிற்று. 1837-ல் ஸ்மித் என்னும் படைத்தலைவர் சாஞ்சித் தூபியின் கல்வேலியிலிருந்த சிறு சிறு சாசனங்களைப் படியெடுத்து அனுப்பினார். அவற்றை அச்சுக்கு ஒழுங்கு செய்கையில், ஏறக்குறைய ஒவ்வொன்றும் ஒரே இரண்டெழுத்தில் முடிவதைப் பிரின்ஸெப் கண்டார். கோயிலுக்குக் கல் ஈந்தவர் பெயராகவே இவை இருத்தல் வேண்டும். அங்ஙனமாயின் அவ்விறுதிச் சொல் தானம் என்பதாகலாம் எனக் கருதினார். அதன் முன்னெழுத்து ஆறாம் வேற்றுமை காட்டும் ஸகரமென்பது அவருக்கு முன்னரே தெரியும். எவ்வாறெனின், அந்நாட்களில் அவர் மேசைமேல் கிடந்த சௌராஷ்டிரத்து வெள்ளிக் காசுகளில் அவ்வெழுத்தைப் படித்திருந்தார். தகரமும் னகரமும் கிடைத்தவுடன் மற்றவை ஒன்றையொன்று ஈர்த்து வந்தன. சில வாரங்களில் டில்லித் தூணின் சாசனம் வாய்திறந்து பேசிற்று.

பேசியவன் தேவானாம்பிய பியதஸி என்னும் அரசன். அவன் யாவன்? இலங்கை அரசன் ஒருவன் பெயரோடு இப்பெயர் ஒத்திருத்தலின் அவனேயென்று பிரின்ஸெப் முதலில் எண்ணினார். இலங்கையில் உத்தியோகத்திலிருந்து பாலி நூல்களை ஆராய்ந்துவந்த ஜார்ஜ் டர்னர், தீபவம்சத்தைக் கொண்டு பியதஸி என்பது அசோகனுக்கே பெயரென அவ்வாண்டிலேயே காட்டினார். பிரின்ஸெப் உடனே ஏற்றுக்கொண்டார். 1838-ல் கிர்னார்ப் பாறைச் சாசனத்தில் அந்தியோகஸ், தாலமி என்னும் யவன அரசர் பெயர்களைக் கண்டமையால் அசோகன் காலமும் ஒருவாறு உறுதிப்பட்டது. நமக்கு நெருங்கியதொரு செய்தியும் அப்பாறையில் உண்டு. தன் ஆட்சிக்கு அப்பாற்பட்ட நாடுகளைக் கூறுமிடத்து அசோகன் சோழரையும், பாண்டியரையும், சத்தியபுத்திரரையும், கேரளபுத்திரரையும், தாம்பிரபர்ணியாகிய இலங்கையையும் குறித்திருக்கின்றான். கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் தமிழ் மூவேந்தர் குடிகள் நிலைபெற்றிருந்தமைக்குச் சான்றாக நாம் எடுத்துக்காட்டும் சாசனம் இதுவே.

இவையனைத்தும் தங்கசாலை வேலைக்கு மேற்பட்ட நேரத்தில் நிகழ்ந்தன. சௌராஷ்டிரக் காசுகளில் ஒவ்வோர் அரசனும் தன் பெயரோடு தந்தை பெயரையும் பொறித்திருந்தான். அவற்றைக் கோத்து அவ்வரசர்களின் வமிசாவளியை வகுத்தார். தலையுருவின் பின்னே மங்கித் தோன்றிய குறிகள் ஆண்டெண்கள் எனக் கண்டு அவற்றையும் ஆராய்ந்தார். குஷாணர் பொற்காசில் ஆசனத்தமர்ந்த தேவி, குப்தர் பொற்காசில் எவ்வாறு இலக்குமியாயினாள் என்பதைப் படங்களாலேயே விளக்கினார். 1838-ஆம் ஆண்டு முடிவதற்குள் உடல் தாங்கவில்லை. தலைநோய் மிகுந்து, அறிவும் மங்கத் தொடங்கவே, மனைவியார் அவரைக் கப்பலேற்றி இங்கிலாந்திற்குக் கொண்டு சென்றார். எழுத்துக்களைப் படிப்பித்தவர் தாம் எழுதியதைத் தாமே அறியாதவராய்ச் சில காலம் கிடந்து, 1840-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 22-ஆம் நாள் இலண்டனில் உயிர் நீத்தார். வயது நாற்பத்தொன்று நிரம்பவில்லை. அவருடைய பெண்மகவு அப்போது சிறு குழந்தை.

வங்காளத்தார் ஹூக்ளி நதிக்கரையில் அவர் பெயரால் 1843-ல் ஒரு துறை கட்டினர். அதன் வெண்டூண்கள் இன்றும் நிற்கின்றன. அவருடைய கட்டுரைகளை எட்வர்டு தாமஸ் திரட்டி 1858-ல் இரண்டு புத்தகங்களாகப் பதிப்பித்தார். பியதஸி அசோகனே என்பதற்கு மறுக்கவொண்ணாச் சான்று 1915-ல் மாஸ்கி என்னுமூரில் கிடைத்தது. அங்குள்ள பாறையில் அசோகன் என்ற பெயரே வெட்டப்பட்டிருந்தது. பிரின்ஸெப்பின் சொந்தக் காசுகளை 1847-ல் பிரிட்டிஷ் மியூசியத்தார் விலைகொடுத்து வாங்கினர். அங்குச் செல்வோர், அவர் பத்திரிகையில் வரைந்த படங்களை ஒரு கையிற் கொண்டு அக்காசுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.