விடியலில் ஒலிக்கும் அகதியின் இசை

பழனியில் விடியற்காலையில் வானொலிப் பெட்டியைத் திருகுவது எனக்கு நெடுநாளைய வழக்கம். கொடைக்கானல் மலையிலிருந்து வரும் பண்பலை ஒலிபரப்பு தொடங்குமுன், தம்புராவின் சுருதிமீது வயலின் இழையும் ஓர் அடையாள இசை கேட்கும். சிவரஞ்சனி ராகத்தின் சாயல் கொண்டது என்பர் இசை அறிந்தோர். இதனை அமைத்தவர் இந்தியர் என்றே பல்லாண்டுகள் எண்ணியிருந்தேன். அமைத்தவரோ வால்டர் காஃப்மன் என்னும் யூதர்.

இன்றைய செக் நாட்டிலுள்ள கார்ல்ஸ்பாத் நகரில் 1907-இல் பிறந்தவர் அவர். பெர்லினில் இசை பயின்று, பிராகில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேடும் எழுதி முடித்தார். தம் பேராசிரியர் நாஜி அமைப்பில் பொறுப்பு வகிப்பவர் என அறிந்ததும் அந்தப் பட்டமே வேண்டாம் என்றார். முனைவர் பட்டத்துக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த எனக்கு, அந்த மறுப்பின் விலை ஓரளவு தெரியும்.

ஹிட்லர் ஆட்சியைப் பிடித்த மறு ஆண்டு, 1934-இல், பம்பாய் வந்து சேர்ந்தார். விசா எளிதில் கிடைத்தது என்பதே முதற்காரணம். தொடக்கத்தில் நம் இசை அவருக்குப் புரியவில்லை, அந்நியமாகவே ஒலித்தது. ஆனால், அறிவும் இதயமும் உள்ள மக்கள் கோடிக்கணக்கில் விரும்பும் ஒன்றில் குறை இருக்க முடியாது, குறை தம் செவியில்தான் என்ற முடிவுக்கு வந்து மாணவராக அமர்ந்தார். அடைக்கலம் தேடி வந்தவர்தான் ஊருக்கு ஏற்ப மாற வேண்டும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். அவர் மாறினார், கையோடு தாமும் ஒன்று தந்தார். வந்த சில மாதங்களிலேயே பம்பாய் அறை இசைச் சங்கத்தை நிறுவினார். அதில் அவருடன் வயலின் வாசித்தவர்களுள் ஒருவர் மெஹ்லி மேத்தா. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற ஜூபின் மேத்தாவின் தந்தை. 1936-இல் வானொலிக்கு அடையாள இசை பிறந்தது. அடுத்த ஆண்டு முதல் பம்பாய் நிலையத்தின் ஐரோப்பிய இசைப் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. மோகன் பவ்னானியின் திரைப்படங்களுக்கும் இசையமைத்தார்.

1946-இல் இந்தியாவை விட்டு நீங்கி, இங்கிலாந்து, கனடா வழியாக அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். நம்மை மறக்கவில்லை. 1968-இல் வட இந்திய ராகங்கள் பற்றியும், 1976-இல் நம் தென்னிந்திய ராகங்கள் பற்றியும் பெருநூல்களை வெளியிட்டார். 1984-இல் மறைந்தார். அவருடைய அறை இசைப் படைப்புகளை டொரண்டோ கலைஞர்கள் ஒலித்தட்டாக வெளியிட்டது 2020-இல்தான்.

எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. 2021-இல் அவற்றுக்கு மறுவாழ்வு முகாம் என்று அரசு பெயர் மாற்றியது, நல்லது. வீடு, உதவித்தொகை, குடும்ப அட்டை எல்லாம் கணக்கில் வருகின்றன. அங்கே பாடுவோர், கூத்தாடுவோர், வாத்தியம் வாசிப்போர் எத்தனை பேர் என்று நாம் கேட்பதில்லை. பொருளியல் படித்தவன் என்ற முறையில் எனக்கும் இதில் பங்குண்டு. அகதியைச் செலவுப் பத்தியில் மட்டும் எழுதப் பழகியவர்கள் நாங்கள்.

காஃப்மன் பிறந்த நாள் ஏப்ரல் 1. அன்று ஒருநாளாவது அந்த இசை முடிந்ததும், அமைத்தவர் பெயரை வானொலி அறிவிக்கலாம். அந்த வாரத்தில் ஒரு மணி நேரத்தை முகாம் கலைஞர்களுக்கு ஒதுக்கவும் செய்யலாம்.